சாயக் கழிவு நீருக்குச் சாதாழை மருந்தாகுமா?

புதிதாக வாங்கிய சேலையை முதன்முறை நீரில் நனைக்கும் இல்லத்தரசி, வாளியிலுள்ள நீரின் நிறத்தைக் கண்டு திடுக்குறுவது வழக்கம். "சாயம் போகிறதே! கடைக்காரன் ஏமாற்றிவிட்டானே!" என்று அவள் மனம் குமுறும். ஆனால் அந்த வாளியிற் கழன்ற சாயம் மிகச் சொற்பமேயாகும். அதனினும் பன்மடங்கு சாயம், அச்சேலை கடைக்கு வருமுன்னரே, சாயச்சாலையின் தொட்டிகளில் அலசப்பட்டு நீரோடு நீராகப் போய்விட்டது. போன அந்த நீர் எங்கே சென்றது? யாருடைய கிணற்றிற் கலந்தது? எந்த ஆற்றின் நிறத்தை மாற்றியது? இவை சேலை வாங்குவோர் பெரும்பாலும் கேளாத வினாக்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கும் நிறைந்திருக்கும் சேலைக் கடைகளிலே வானவில்லின் ஏழு நிறங்களும் போதாமல் எழுநூறு நிறங்கள் மின்னுகின்றன. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து செல்பவர், மலைபோற் குவிந்த துணிக் கட்டுகளைக் காணாமற் செல்லுதல் இயலாது. ஆடை உற்பத்தியோ இலங்கையின் ஏற்றுமதிகளில் முதன்மையானது. நிறம் நமக்கு வேண்டும். நிறத்தினால் நாட்டுக்கு வருவாயும் வேண்டும். ஆயினும் கொழும்பு மக்கள் அருந்தும் குழாய் நீரிற் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து, அம்பத்தலையில் இறைத்துச் சுத்திகரிக்கப்பட்டு வருகின்றது என்பதையும், அக்கங்கையின் கரைப் பகுதிகளிலேயே பல கைத்தொழில்கள் அமைந்துள்ளன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கழிவு நீரைத் தூய்மை செய்யும் வித்தை, விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று. குழாயைத் திறந்து குடத்தை நிரப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

இந்த வித்தையிலே, கடற்கரையிற் காலில் மிதிபடும் சாதாழை ஒரு பங்கு கொள்ளக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அது எவ்வாறு, எவ்வளவு தூரம் என்பதை இங்கே ஆராய்வோம்.

வேரிலிருந்து வந்த சிவப்பு

சாயத் தொழில் நம்மவருக்குப் புதியதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மணற்பாங்கான நிலங்களிற் படரும் சிறு செடியொன்றின் வேரைக் கிண்டி எடுத்து, அதிலிருந்து அழியாத சிவப்புச் சாயம் காய்ச்சினர் முன்னோர். 'சாயவேர்' என்னும் அவ்வேரின் மதிப்பை ஒல்லாந்தரும் நன்கு உணர்ந்திருந்தனர். அதைச் சேகரிப்பதைத் தமது அதிகாரத்தின் கீழ் வைத்து வருவாய் தேடினர். வேரும் இலையும் பட்டையும் தந்த அந்த நிறங்கள் அளவிற் குறைந்தவை. அவற்றைத் துணியிலே பிடிக்கச் செய்வதற்கு நாட்களும் பொறுமையும் வேண்டியிருந்தன.

1856ஆம் ஆண்டிலே இலண்டனில் 18 வயது இளைஞரான வில்லியம் ஹென்றி பேர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, எதிர்பாராத விதமாக ஊதா நிறப் பொருளொன்றைப் பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் பிறந்தது. அன்று தொடங்கிய செயற்கைச் சாயங்களின் பெருக்கத்திலே நம் நாட்டுச் சாயவேரும், இந்தியாவின் அவுரியும் அடிபட்டுப் போயின. சரியாக ஒரு நூறு ஆண்டுகளின் பின், 1956இல், பருத்தி நாரோடு இரசாயன முறையிற் பிணைந்துகொள்ளும் 'வினைபுரி சாயங்கள்' இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. வெளுத்தாலும் எளிதில் மங்காத பளிச்சிடும் நிறங்கள் ஏழை எளியவருக்கும் கிட்டின.

இதற்கிடையே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நமது வெள்ளவத்தையிலும் ஒரு பெரும் நூற்பு நெசவாலை எழுந்தது. இலங்கைத் துணிக் கைத்தொழிலின் முன்னோடி அது. 1933இல் அங்கு நிகழ்ந்த தொழிலாளர் வேலைநிறுத்தமும், அதற்குத் துணைநின்ற கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவின் பெயரும் தொழிற்சங்க வரலாற்றிலே பதிந்துள்ளன. ஆலை மறைந்துவிட்டது, ஹவ்லொக் வீதியில் அது இருந்த நிலத்திலே இன்று வானளாவும் மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆனால் துணிக் கைத்தொழில் மறையவில்லை. பல்கிப் பெருகிப் பல ஊர்களுக்குப் பரந்தது.

நிறம் மட்டுமா குற்றம்?

சாயத் தொட்டியில் இடும் சாயம் முழுவதும் துணியிற் பிடிப்பதில்லை. பருத்திக்குப் பயன்படும் வினைபுரி சாயங்களிற் சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் நாரோடு சேராமல், நீரோடு வினைபுரிந்து பயனற்றுப் போகும். அவ்வாறு கெட்ட சாயத்தை மீண்டும் உபயோகிக்கவும் இயலாது. ஒரு கிலோகிராம் துணிக்குச் சாயமிட்டு அலசி முடிப்பதற்கு 100 லீற்றருக்கும் மேற்பட்ட நீர் செலவாவதுண்டு. அந்த நீரெல்லாம் நிறத்தோடு வெளியேறுகின்றது.

நிறத்தின் வலிமையை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். சில சாயங்கள் ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவே இருப்பினும் கண்ணுக்குப் புலப்படும். அப்படியாயின், ஒரேயொரு கிலோகிராம் சாயம் பத்து இலட்சம் லீற்றர் நீரை நிறம் மாற்றப் போதுமானது.

நிறம் மாறினால் என்ன, நஞ்சு இல்லாவிட்டாற் சரிதானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறு. நிறமேறிய நீரிலே சூரிய ஒளி ஆழச் செல்லாது. ஒளியின்றேல் நீர்த் தாவரங்கள் உணவு சமைத்து ஒட்சிசனை வெளியிட மாட்டா. ஒட்சிசன் குறையின் மீனினம் வாடும். அன்றியும், இன்று வழங்கும் சாயங்களிற் பெரும்பகுதி 'அசோ' என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. காற்றுப் புகாத சேற்றிலே கிருமிகள் இவற்றை உடைக்கும்போது அமைன்கள் எனப்படும் பொருட்கள் தோன்றும். அவற்றுட் சில புற்றுநோயை விளைவிக்க வல்லவை. அத்தகைய அமைன்களைத் தரக்கூடிய அசோச் சாயங்களை ஆடைகளிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் விதித்த கட்டளையினால் தடுத்தது.

சாயங்கள் வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் வியர்வைக்கும் அசையாதிருக்க வேண்டுமென்றே ஆக்கப்பட்டவை என்பதையும் கருதுக. துணியிலே நாம் எதைச் சிறப்பென்று போற்றுகின்றோமோ, ஆற்றிலே அதுவே பெருங்கேடாகின்றது. சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் சாதாரணக் கிருமிகள் இச்சாயங்களை எளிதிற் செரித்துவிடுவதில்லை.

நொய்யல் கற்பிக்கும் பாடம்

இந்தக் கேடு எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் திருப்பூரே சான்று. பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற அந்நகரின் ஊடாக, வெள்ளியங்கிரி மலையிற் பிறக்கும் நொய்யல் ஆறு காவிரியை நோக்கிச் செல்கின்றது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசன வசதி அளிக்கும் நோக்கத்துடன் ஒரத்துப்பாளையத்தில் அவ்வாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992இல் நிறைவெய்தியது. ஆனால் அணையிலே தேங்கியது மழைநீர் மட்டுமன்று. சாயச்சாலைகளின் கழிவும் தேங்கியது. நீருக்காக அணை வேண்டி நின்ற உழவர்களே, 'அந்த நீரைத் திறந்துவிடாதீர்' என்று வேண்டும் விபரீதம் நேர்ந்தது. கிணறுகள் உவர்த்தன, பயிர் கருகியது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீரில் ஒரு துளியும் வெளியேறலாகாது என்னும் கருத்தமைந்த கட்டளையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் வழங்கியது. கட்டளை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயச்சாலைகளை மூடுமாறு அம்மன்றம் தீர்ப்பளித்தது. 700க்கும் மேற்பட்ட சாலைகள் அடைபட்டன. அவற்றிலே வேலை செய்த பல்லாயிரவர் ஒரே நாளிற் பிழைப்பின்றித் தவித்தனர். பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். ஒரு பக்கத்தில் உழவனின் வயல், மறுபக்கத்தில் தொழிலாளியின் அடுப்பு. இரண்டில் எதை அணைப்பது என்னும் கொடிய நிலைக்கு ஒரு நகரம் வந்து சேர்ந்தது.

பின்னர், நீரை நுண்ணிய மென்சவ்வுகளூடாக அழுத்திப் பிரித்தும், எஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் மீண்டும் தலையெடுத்தது. அம்முறை பயன் தருவதே. ஆனால் அதற்குப் பெரும் முதலும் மின்சாரமும் விறகும் தேவை. ஈற்றிலே எஞ்சும் கலப்பு உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்பதும் தீராத தலைவலி. ஆதலாற்றான், மலிவான வேறு வழிகள் இல்லையா என்று ஆராய்ச்சியாளர் தேடலாயினர். உமி, தென்னந்தும்பு, வேப்பிலைத் தூள், மரத்தூள் என்று தேடிய வரிசையிலே கடற்சாதாழையும் வந்து சேர்ந்தது.

கடல் தந்த செல்வம்

யாழ்ப்பாணத்தார் 'சாதாழை' என்றும், பிறர் 'கடற்பாசி' என்றும் வழங்கும் இத்தாவரங்கள் பச்சை, கபிலம், சிவப்பு என மூன்று பெரும் பிரிவினவாம். நோன்பு காலத்திலே முஸ்லிம் இல்லங்களிற் பாலும் சீனியும் சேர்த்துக் கட்டியாக உறைய வைக்கும் 'கடற்பாசி' என்னும் இனிப்பு, சிவப்புச் சாதாழைகளின் சத்திலிருந்து வருவது. புத்தளம், கற்பிட்டி, திருகோணமலைக் கடல்களிற் கிடைத்த 'கஞ்சிப்பாசி' ஒருகாலத்தில் 'இலங்கைப் பாசி' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரோடு பிறநாடுகளிலும் அறியப்பட்டிருந்தது. இராமநாதபுரக் கரையிலே பாசி எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர் வைத்துள்ளனர்: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்பன அவற்றுட் சில.

நமது ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது இவற்றுட் கட்டக்கோரை. விஞ்ஞானிகள் 'சார்கசம்' என்னும் பேரினத்தில் இதனைச் சேர்ப்பர். கபில நிறமும், மிதப்பதற்கு உதவும் சிறு சிறு காற்றுக் குமிழ்களும் உடையது. கட்டக்கோரை முதலிய கபிலச் சாதாழைகளின் உயிரணுச் சுவரிலே 'அல்சினிக் அமிலம்' என்னும் பசைப்பொருள் நிறைந்துள்ளது. ஸ்கொட்லாந்திற் கடற்சாதாழைகளை ஆராய்ந்த ஸ்ரான்போட் என்பார் 1881ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டறிந்தார். இதிலிருந்து பெறும் சோடியம் அல்சினேற்று ஐஸ்கிறீமைக் கூழாக வைத்திருக்கவும், பல் வைத்தியர் பல்லின் அச்செடுக்கவும் உதவுகின்றது.

இங்கே ஓர் வியப்பைக் கூறாமல் விடலாகாது. துணியிற் பூவேலைகளை அச்சிடும்போது சாயம் பரவி அலங்கோலமாகாமல் இருக்க, அதனை ஒரு பசையோடு கலந்து குழைப்பர். மாப்பசையைச் சேர்த்தால் வினைபுரி சாயங்கள் பசையோடேயே பிணைந்துவிடும், துணிக்குச் சேரா. ஆனால் அல்சினேற்றுப் பசையோடு அவை அவ்வாறு பிணைவதில்லை. ஆதலால் வினைபுரி சாய அச்சிலே அல்சினேற்றே விரும்பப்படுகின்றது. நாம் உடுக்கும் பூச்சேலையிலே பூக்கள் ஒழுங்காக மலர்ந்திருப்பதற்குச் சாதாழை ஏற்கெனவே உதவியிருக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிவர்?

சாதாழை சாயத்தைப் பிடிக்கும் விதம்

கலங்கிய கிணற்று நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தே உரைத்துவிடும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. தேற்றாங்கொட்டையின் சத்து மண் துகள்களைப் பற்றிச் சேர்த்து அடியிற் படிய வைக்கும். சாதாழையும் ஏறக்குறைய அத்தகைய பற்றுதலையே செய்கின்றது. ஆனால் அது பற்றுவது மண்ணையன்று; நீரிலே முற்றாகக் கரைந்துபோன சாயத்தை.

ஒரு பஞ்சு நீரை உள்ளே இழுப்பதைப் போன்றதன்று இது. சாய மூலக்கூறுகள் சாதாழைத் துகளின் மேற்பரப்பிலே ஒட்டிக்கொள்ளுகின்றன. இதனைப் 'புறத்துறிஞ்சல்' என்பர் இரசாயனவியலாளர். அல்சினிக் அமிலத்தின் கூறுகளும், அதனோடு கூடிய கந்தகக் கூறுகளும் நீரிலே எதிர் மின்னேற்றம் உடையனவாய் நிற்கும். மெதிலீன் நீலம் போன்ற 'மூலச் சாயங்கள்' நேர் மின்னேற்றம் உடையவை. எதிரும் நேரும் ஒன்றையொன்று ஈர்த்தல் இயற்கை. காய்ந்த சாதாழைத் தூளை அத்தகைய நீல நீரில் இட்டுக் குலுக்கினால், நீரின் நிறம் வெளிறத் தூள் நீலமாவதைக் காணலாம். சாதாழை உயிரோடு இருக்க வேண்டுமென்பதில்லை. உலர்த்தி அரைத்த சடப்பொருளே இவ்வேலையைச் செய்யும் என்பது இதன் பெருஞ் சிறப்பு. நஞ்சினால் இறந்துபோகும் என்ற அச்சமில்லை, உணவூட்ட வேண்டிய தொல்லையுமில்லை.

ஆயின் பருத்திக்கு இடும் வினைபுரி சாயங்களின் கதை வேறு. அவையும் சாதாழையைப் போன்றே எதிர் மின்னேற்றம் உடையவை. ஒத்தவை ஒன்றையொன்று விலக்குமன்றோ? நீரைக் கடும் அமிலத் தன்மையுடையதாக மாற்றினால், சாதாழையின் எதிர் மின்னேற்றம் அடங்கி, அதிலுள்ள வேறு கூறுகள் நேர் மின்னேற்றம் பெறும். அப்போது இச்சாயங்களும் ஒட்டத் தொடங்கும். ஆனால் சாயச்சாலைக் கழிவு பெரும்பாலும் காரத் தன்மையுடையது. அதை முதலில் அமிலமாக்கவும், பின்னர் நடுநிலைக்குக் கொணரவும் இரசாயனப் பொருள் செலவாகும். எந்தச் சாயத்துக்கு எந்தச் சாதாழை, எந்த நிலையிற் பொருந்தும் என்பதை அறிந்தே செயற்பட வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே குளிகை இங்கும் இல்லை.

ஆராய்ச்சிக் கூடங்களிலே

சாதாழையின் இப்பற்றும் குணத்தை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் உலோகங்களையே நாடினர். கனடாவில் மொன்றியல் நகர மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பொகுமில் வொலெஸ்கியும் அவருடைய மாணவரும், சார்கசம் இனச் சாதாழை நீரிற் கரைந்த தங்கத்தைப் பற்றவல்லது என்பதை 1980களிலே எடுத்துக் காட்டினர். உலோகத்தைப் பற்றுவது சாயத்தையும் பற்றாதா என்ற கேள்வி தொடர்ந்து எழுந்தது.

யப்பானியக் கடல்களுக்குரிய சார்கசம் இனமொன்று ஐரோப்பியக் கரைகளிலே அழையா விருந்தாளியாகப் புகுந்து பரவியது. அதைப் பிடுங்கி எறிவதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாகாதா என்று எண்ணிய ஸ்பானிய நாட்டின் லா கொருஞா பல்கலைக்கழகத்தார், அது மெதிலீன் நீலத்தை நீரிலிருந்து நன்கு அகற்றுவதை 2005இல் வெளியிட்டனர். தாய்லாந்திலே, இறால் பண்ணைகளின் கழிவு நீரைத் தூய்மைப்படுத்த வளர்க்கப்பட்ட 'கோலெர்ப்பா' என்னும் பச்சைச் சாதாழை மிதமிஞ்சிப் பெருகியது. அந்த மிகுதியை உலர்த்தி, மூலச் சாயங்களை நீக்க உபயோகிக்கலாம் என்று பாங்கொக் சூலாலொங்கோன் பல்கலைக்கழகத்தார் 2006, 2007ஆம் ஆண்டுகளிற் காட்டினர்.

நமக்கு அண்மையில், சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அரவிந்தன், இராகவ ராவ், உன்னி நாயர் ஆகிய மூவர், கோலெர்ப்பாவின் வேறோர் இனத்தைக்கொண்டு மஞ்சள் மூலச் சாயமொன்றை நீரிலிருந்து பிரித்தெடுத்து, அதன் முடிவுகளை 2007இல் வெளியிட்டனர். தோலுக்கும் துணிக்கும் சாயம் பொதுவாதலின், தோல் ஆராய்ச்சி துணிக்கும் உதவுகின்றது.

கணக்கும் கசப்பும்

ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் குடுவையில் வெற்றி பெற்றதெல்லாம் தொழிற்சாலையின் தொட்டியிலும் வெற்றி பெறும் என்று சொல்லுதற்கில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் சாதாழைத் தூள் 50 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கின்றது எனக் கொள்வோம். கழிவு நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் 100 மில்லிகிராம் சாயம் உள்ளது எனவும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் லீற்றருக்கு 2 கிலோகிராம் தூள் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர் வெளியேற்றும் சாலைக்கோ 200 கிலோகிராம் தூள் வேண்டும். ஈரச் சாதாழையின் எடையிற் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு நீரேயாதலின், நாள்தோறும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட சாதாழையைக் கடலிலிருந்து கொணர்ந்து உலர்த்த வேண்டியதாகும். பெரிய ஆலைகள் இதைப்போற் பன்மடங்கு நீரை வெளியேற்றுகின்றன.

இரண்டாவது இடர், உப்பு. பருத்திக்குச் சாயமேற்றும்போது ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்பு இடுவதுண்டு. நொய்யற் கரைக் கிணறுகளை உவர்க்கச் செய்ததும் நிலத்தைக் கெடுத்ததும் இவ்வுப்பே. சாதாழை நிறத்தைப் பிடிக்குமேயன்றி உப்பை நீக்காது. பளிங்குபோற் தெளிந்த நீரைக் கண்டு, 'தூய்மையாயிற்று' என்று மகிழ்ந்து வயலுக்குப் பாய்ச்சினால், பயிர் கருகும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைவிடத் தெரியாத அழுக்கே வஞ்சகமானது.

மூன்றாவதாக, பச்சையாக அரைத்த சாதாழைத் தூளிலிருந்து பசையும் பிற பொருட்களும் கசிந்து நீரிலே கலக்கும். ஒரு மாசைப் போக்கவந்தது இன்னொரு மாசைச் சேர்ப்பதாகும். இதைத் தடுப்பதற்குத் தூளை முன்னதாக அமிலத்தினாலோ கல்சியம் குளோரைட்டுக் கரைசலினாலோ கழுவி உறுதிப்படுத்துகின்றனர்.

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது: சாயம் நிறைந்த சாதாழையை என்ன செய்வது? அதன் மின்னேற்றத்தை மாற்றும் கரைசல்களாற் கழுவிச் சாயத்தைப் பிரித்து, தூளைச் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம். ஆயினும் பிரித்த சாயம் செறிந்த கரைசலாக எஞ்சும். உரியவாறு எரித்தோ, நிலத்தடி நீருக்குச் செல்லாதபடி பாதுகாப்பாகப் புதைத்தோ அதனை முடிக்க வேண்டும். ஆயிரம் லீற்றரிற் பரந்திருந்த மாசு சில கிலோகிராம் திண்மத்திலே அடங்கியது என்பது பெரிய நன்மையே. ஆனால் மாசு மாயமாய் மறைந்துவிட்டது என்று எண்ணுதல் பிழை.

கடலையும் காக்க வேண்டும்

பயன் உண்டென்று அறிந்தவுடன் கடலிற் பாய்ந்து கண்டபடி பிடுங்குவதும் பேதைமை. சாதாழைக் காடுகளிலே மீன்குஞ்சுகளும் நண்டுகளும் ஒதுங்கி வளர்கின்றன. அவற்றை அழித்தால் மீனவன் வலை வெறுமையாகும். மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தீவுகள் 1986இல் தேசிய கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னர், அங்கு பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் வாழ்வு கடினமாயிற்று. கடலைக் காப்பதும் அவர்களைக் காப்பதும் ஒன்றோடொன்று இணக்கமாக நடைபெற வேண்டியவை.

வளர்ப்பே வழி என்பாரும் உளர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலே கிளிநொச்சி, யாழ்ப்பாணம் முதலிய மாவட்டங்களின் கரையோரங்களில், கயிற்றிலும் மிதவையிலும் சிவப்புச் சாதாழை வளர்க்கும் தொழில் தலைதூக்கியது. பல குடும்பங்களிலே பெண்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால் அதற்கென வளர்க்கப்படும் 'கப்பாபைக்கஸ்' இனம் நமது கடலுக்கு அந்நியமானது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது பவளப்பாறைகளின்மேற் படர்ந்து மூடுகின்றதென்று 2008இல் இந்திய ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். எனவே அந்நிய இனங்களை அவதானத்தோடு கையாள வேண்டும்.

தேவைக்கு மேல் தானாகவே வந்து குவியும் சாதாழையும் உலகில் உண்டு. அத்திலாந்திக் சமுத்திரத்திலே 2011 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் சார்கசம் பெருந்திரளாக மிதக்கின்றது. 2018இல் அத்திரள் ஆபிரிக்காவிலிருந்து மெக்சிக்கோ வளைகுடா வரை 8,850 கிலோமீற்றர் நீளமும் 2 கோடி தொன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையதாயிருந்தது எனச் செய்மதிப் படங்கள் காட்டின. கரிபியன் கரைகளிலே குவிந்து அழுகி நாறும் அத்திரளுக்குப் பயன் தேடுவோர், கழிவு நீர்ச் சுத்திகரிப்பையும் எண்ணிப் பார்க்கின்றனர். அல்சினேற்றுப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சக்கையும் ஓரளவு சாயத்தைப் பிடிக்கும். கரையில் ஒதுங்கியதையும், தொழிற்சாலையில் எஞ்சியதையும் முதலிற் பயன்படுத்துவதே அறிவுடைமை. துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பது நம்மவர் கண்ட உண்மையன்றோ?

நாம் செய்யத்தக்கது யாது?

இவற்றையெல்லாம் ஒருங்கே சீர்தூக்குமிடத்து, சாதாழை பேராலைகளின் நோயைத் தனித்து நின்று தீர்க்கும் அருமருந்தன்று என்பது புலனாகும். உப்பை நீக்கும் பெரிய பொறிகளின் இடத்தை அது பிடிக்க மாட்டாது. எனினும் அவற்றுக்குத் துணையாகலாம். விலையுயர்ந்த ஏவப்பட்ட காபனுக்குப் பதிலாகவோ, அதனோடு சேர்த்தோ ஈற்றில் எஞ்சும் நிறத்தை நீக்கப் பயன்படலாம்.

அதைவிடச் சிறந்த இடம் ஒன்றுண்டு. நாடெங்கும் பரந்து கிடக்கும் சிறு பத்திக் பட்டறைகளையும், கைத்தறி நூலுக்குச் சாயமிடும் குடிசைத் தொழில்களையும் நினைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் முதலிட்டுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அவற்றால் இயலாது. நாளொன்றுக்குச் சில நூறு லீற்றர் கழிவே அவற்றிலிருந்து வெளியேறும். அதற்குச் சில நூறு கிராம் தூளே போதும். உறுதிப்படுத்திய சாதாழைத் தூளை நிரப்பிய ஒரு குழாய்த் தூண் வழியே கழிவு நீரை மெல்லச் செலுத்தி, முன்னதாக அமில அளவைத் திருத்தி, நிறைந்த தூளைப் பொது இடமொன்றிற் சேகரிக்கும் ஒழுங்கு அமையுமானால், பெரும்பகுதி நிறத்தை ஓடையிற் கலவாமல் தடுக்கலாம். நமது பல்கலைக்கழகங்களும் கைத்தொழில் திணைக்களங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒன்றிணைந்து பரீட்சித்துப் பார்க்கத்தக்க முயற்சி இது. வடகடலிற் சாதாழை சேர்க்கும் பெண்ணுக்கும் தென்னிலங்கையிற் பத்திக் தீட்டும் பெண்ணுக்கும் இடையே இதனால் ஒரு புதிய உறவும் மலரக்கூடும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபை, கழிவு நீர் வெளியேற்றும் தொழில்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் முறையை நடத்துகின்றது. வெளியேறும் நீரின் தரத்துக்கு எல்லைகளும் விதிக்கப்பட்டுள்ளன. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. ஆற்றங்கரையிலும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு நிற்கும் கடமை பொதுமக்களுடையது.

வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்கவையும் சிலவுண்டு. மங்கிய சேலையை எறிந்துவிட்டுப் பளபளப்பான இன்னொன்றை வாங்குமுன் ஒருகணம் சிந்திக்கலாம். வீட்டிலே துணிக்குச் சாயமிடுவோர், எஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாதிருக்கலாம். பாடசாலை விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகள், ஆசிரியரின் மேற்பார்வையில், கடற்கரையில் ஒதுங்கிய சாதாழையைக் கழுவி உலர்த்தி இடித்து, மெதிலீன் நீலம் கலந்த நீரில் இட்டுப் பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் அவர்கள் கண்ணாற் காண்பது, பத்துப் பாடங்கள் சொல்லாததைச் சொல்லும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சிக்கனம் கருதிச் சொன்னார்கள். இக்காலத்தில் அம்மொழிக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. ஆற்றிலே நாம் போடுவதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டிய காலம் இது. நொய்யற் கரையில் அளக்காமற் போட்டவர்கள் பின்னர் கொடுத்த விலை பெரிது. அந்த விலையைக் களனிக் கரையில் நாமும் கொடுக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாழையைக் குப்பையென்று கருதிக் கடந்து செல்வோரே பலர். சேலையின் நிறத்தை விரும்பும் நாம், அந்நிறம் விட்டுச் செல்லும் கறைக்கும் பொறுப்பேற்போமாயின், அந்தக் குப்பைக்கும் ஒரு மதிப்பு உண்டாகும். நம் குழந்தைகள் குடிக்கும் நீருக்கும் ஒரு காவல் உண்டாகும்.